மலையை மூடும் முன் கையை நுழைத்துப் பாருங்கள்: மாதிரி ரயில் காட்சியமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக மாதிரி ரயில் லேஅவுட் கட்டுபவர்களின் படங்களைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது, கூடவே பதைப்பாகவும் இருக்கிறது. தண்டவாளம் போட்டுச் சில நாள்கூட ரயில் ஓடியிருக்காது, அதற்குள் மலை, குகை, ஸ்டேஷன், மரம் எல்லாம் வந்து நிற்கும். ஆரம்பத்தில் நானும் இதே வரிசையில்தான் வேலை செய்தேன், அதனால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். பசை வழிவது, பெயின்ட் காயும் முன் தொடுவது, சுவர் கோணலாக ஒட்டிக்கொள்வது மாதிரியானவற்றை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு கட்டடம் கட்டினால் அதெல்லாம் கை தானாகவே கற்றுக்கொள்ளும். பணமும் மாதக்கணக்கான உழைப்பும் வீணாகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன். அளவுகள் எல்லாம் எச்ஓ, அதாவது 1:87 கணக்கில் இருக்கும். 1:160 அளவில் கட்டுபவர்கள் ஏறக்குறைய பாதி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்காத பாதையின் மேல் மலை கட்டுவது

இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கே பார்த்தாலும் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிற தவறு இதுதான்.

நண்பர் ஒருவர் லேஅவுட்டின் ஒரு மூலையில் வளைவு முழுவதையும் மூடி மலை கட்டினார். பாதையைச் சோதிக்க அப்போது அவரிடம் இருந்தது ஒரு சின்ன ஷன்டிங் இன்ஜினும் குட்டையான சில வேகன்களும்தான். அவை ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடின. அதை நம்பி கம்பி வலை, அதன் மேல் பிளாஸ்டர் துணி, அச்சில் வார்த்த பாறைகள், நிறம், புல், மரம் என்று மலையை முடித்துவிட்டார். அந்தப் பாறைகளுக்கு அவர் கொடுத்த நிறம் அருமையாக வந்திருந்தது, அதனால்தான் பின்னால் நடந்தது இன்னும் வலித்தது. நீளமான எக்ஸ்பிரஸ் பெட்டிகள் வாங்கி ஓட்டிய முதல் நாளே, முதல் பெட்டி குகை வாயிலின் உள்பக்கச் சுவரை உரசியது. இன்ஜின் நிற்காமல் இழுக்க, இரண்டாவது பெட்டி உள்ளே தடம் புரண்டு குறுக்காக மாட்டிக்கொண்டது. மலைக்குப் பின்னால் அறைச் சுவர், கீழே முழுப் பலகை, மேலே திறக்கிற மாதிரி எதுவும் கிடையாது. வாயில் வழியாக விரல் போகும், பெட்டி வராது. கடைசியில் மலையை அறுத்துத்தான் எடுத்தோம். அறுத்த தூசி உள்ளே இருந்த பாயின்ட்டில், அதாவது பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், இறங்கி அங்கே அசையும் தண்டவாள நாக்குகளை இறுக்கிவிட்டது, இன்ஜினின் பல்சக்கரங்களிலும் ஏறிவிட்டது. பாறைகள் போயின, பாயின்ட்டை மாற்ற வேண்டியிருந்தது, இன்ஜினைப் பிரித்துக் கழுவ வேண்டியிருந்தது. மலை எழுவதற்கு முன் அப்படி ஒரு நீளப் பெட்டியை யாரிடமாவது கடன் வாங்கி ஒரு சுற்று தள்ளிப் பார்த்திருந்தால் இதில் ஒன்றுகூட நடந்திருக்காது.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் தவிர்ப்பது சுலபம். நீளமான பெட்டி வளைவில் திரும்பும்போது அதன் நடுப்பகுதி உள்பக்கமாகவும் இரண்டு முனைகளும் வெளிப்பக்கமாகவும் தள்ளிக்கொண்டு போகும். எவ்வளவு தள்ளும் என்பது கண் மதிப்பில் பிடிபடாது. உதாரணத்துக்கு, 26.4 மீட்டர் நீளமுள்ள ஐரோப்பிய எக்ஸ்பிரஸ் பெட்டியை எடுத்துக்கொள்வோம், அதன் போகி (பெட்டிக்கு அடியில் திரும்பும் சக்கரத் தொகுதி) மையங்களுக்கு இடையே 19 மீட்டர். எச்ஓவில் முழு அளவுக்குச் செய்தால் நீளம் சுமார் 303 மி.மீ., போகி இடைவெளி 218 மி.மீ. இந்த 218-இன் வர்க்கத்தை வளைவின் ஆரத்தைப் போல் எட்டு மடங்கால் வகுத்தால் நடுப்பகுதி எவ்வளவு விலகும் என்று கிடைத்துவிடும். ஆரம்பநிலை செட்களில் வருகிற 360 மி.மீ. ஆர வளைவில் அது கிட்டத்தட்ட 17 மி.மீ. பெட்டியின் பாதி அகலம் 16 மி.மீ. இருக்கும், இரண்டையும் கூட்டினால் தண்டவாள மையத்திலிருந்து 33 மி.மீ. நேர்பாதையில் 16 போதும் என்றால் இங்கே அதைப் போல் இரண்டு மடங்கு. வெளிப்பக்கத்தில் மூலைகள் சுமார் 30 மி.மீ. வரை வந்துபோகும். இவ்வளவு இறுக்கமான வளைவுக்காகவே பெட்டிகளின் நீளத்தைக் குறைத்துச் செய்து விற்பதும் உண்டு, ஆனால் நாளைக்கு நீங்கள் எதை வாங்குவீர்கள் என்று உங்கள் மலைக்குத் தெரியாது.

கணக்கு வேண்டாம் என்றால் பென்சில் போதும். உங்களிடம் இருக்கிற, அல்லது கடன் கிடைக்கிற மிக நீளமான பெட்டியின் நடுவில் உள்பக்கமாக ஒரு பென்சிலையும் வெளிப்பக்க மூலைகளில் ஒவ்வொன்றையும் டேப் போட்டு ஒட்டி, முனை பலகையைத் தொடுகிற மாதிரி வைத்துக் கையால் மெதுவாகத் தள்ளுங்கள். பலகையில் விழுகிற கோடுதான் எல்லை. அதற்கு வெளியே இன்னும் 5 மி.மீ. விட்டுவிட்டு, அதற்கு அப்பால்தான் சுவர், பிளாட்பார விளிம்பு, சிக்னல் கம்பம், மரம் எதுவும் வர வேண்டும். நேர்பாதை முடிந்து வளைவு தொடங்குகிற இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் பெட்டியின் ஒரு பாதி வளைவில் இருக்கும்போதே மறுபாதி நேர்பாதையில் இருக்கும். வளைவு தொடங்கவே இல்லையே என்று நினைத்துப் பக்கத்தில் வைத்த கம்பத்தைத்தான் பெட்டி தட்டும்.

அடுத்தது கை. மறைவான ஒவ்வொரு இடத்துக்கும் கை போக வழி வேண்டும். பின்னாலிருந்து ஒரு திறப்பு, அல்லது கீழிருந்து, அல்லது மலையின் உச்சியையே தனித் துண்டாகச் செய்து தூக்குகிற மாதிரி. கடைசி வழி எனக்கு மிகவும் பிடித்தது. இணைப்புக் கோட்டைப் பாறை விரிசல் ஓரமாகவோ புதர் வரிசையிலோ கொண்டுபோய்விட்டால் யாருக்கும் தெரியாது. திறப்பின் அளவை வெறும் கையால் சோதிக்காதீர்கள், ஒரு பெட்டியைப் பிடித்தபடி கையை நுழைத்து வெளியே எடுத்துப் பாருங்கள். விளிம்பிலிருந்து 75 செ.மீ.க்கு அப்பால் இருக்கும் இடத்தில் தடம் புரண்ட சக்கரத்தைத் திரும்ப ஏற்றுவது பெரும்பாலானவர்களுக்குக் கஷ்டம். குகைக்குள் பாயின்ட் வைக்காமல் இருந்தால் பாதிப் பிரச்சினை வராது, தண்டவாள இணைப்புகளையும் முடிந்தவரை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பாதையின் இரு ஓரமும் அட்டையில் ஒரு சின்னத் தடுப்பு ஒட்டிவிட்டால், தடம் புரளும் பெட்டி பக்கவாட்டில் சாய்ந்து எட்டாத இடத்துக்குப் போகாது. தடம் புரளாவிட்டாலும், அங்கேயும் தண்டவாளத்தில் அழுக்குப் படியும், துடைக்கவும் கை போக வேண்டும்.

எவ்வளவு காலம் ஓட்டிப் பார்ப்பது? ஒரு பருவம் மாறும்வரை என்பேன். ஈரப்பதம் ஏறி இறங்கினால் மரப்பலகை நகரும், வெயில் காலத்தில் தண்டவாளம் நீளும், இடைவெளி விடாத இணைப்பு அப்போதுதான் வளைந்து காட்டும். அவ்வளவு பொறுமை இல்லையென்றாலும் சில வாரங்களாவது நீளமான பெட்டிகளை இரண்டு திசையிலும், மெதுவாகவும் வேகமாகவும், முக்கியமாகப் பின்னாலிருந்து தள்ளியும் ஓட்டுங்கள். இழுக்கும்போது தெரியாத குறை தள்ளும்போது உடனே தெரியும். அப்புறம் தண்டவாளத்தின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு பிளாஸ்டர் வாளியைத் தொடுங்கள்.

மிதக்கும் கட்டடங்கள்

அருமையாகக் கட்டி, நிறம் தீட்டி, கூரையில் துருக்கறைகூடப் போட்ட ஸ்டேஷனைப் புல்தரையின் மேல் அப்படியே வைத்துவிடுகிறார்கள். சுவருக்கும் தரைக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு தெரியும். அந்த ஒரு கோடு போதும், கட்டடம் பொம்மையாகிவிடும். நிஜக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் உண்டு, அது மண்ணுக்குள் போகிறது. ஆகவே கட்டடத்தை ஒரு அடித்தட்டில் கட்டி, அந்தத் தட்டு தரைமட்டத்துக்குக் கீழே அமரும்படி பள்ளம் விட்டு, சுவரோரம் மண்ணும் களையும் கொண்டு மூட வேண்டும்.

அதற்காக நிரந்தரமாக ஒட்டிவிட வேண்டாம். விளக்கு ஒருநாள் அணையும், கூரை ஒருநாள் உடையும். அடித்தட்டை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஈர பிளாஸ்டரில் அழுத்தி, பிளாஸ்டர் இறுகியதும் தூக்கி எடுத்துத் தாளை உரித்துவிடுங்கள். கட்டடம் தன் குழியில் சரியாக உட்காரும், வேண்டும்போது எழுந்தும் வரும். மின்கம்பியில் ஒரு சின்ன பிளக் வைத்துவிட்டால் முழுச் சுதந்திரம்.

பாயின்ட்டின் மேல் ஜல்லி கொட்டுவது

நேர்பாதையில் கொட்டிய அதே தாராளத்தோடு பாயின்ட்டிலும் ஜல்லி கொட்டி, நீர்த்த பசையை ஊற்றிவிடுகிறார்கள். மறுநாள் நாக்கு நகராது. கீழே மோட்டார் இருந்தால் பசை துளை வழியாக இறங்கி அதையும் பிடித்துக்கொள்ளும். பாயின்ட்டில் நாக்கு அசைகிற பகுதியில் ஸ்லீப்பர்களுக்கு (தண்டவாளத்துக்குக் கீழே குறுக்காகக் கிடக்கும் கட்டைகள்) இடையே பலகைக்கு ஜல்லி நிறத்தில் பெயின்ட் அடித்து, மிக மெல்லிய ஒரே அடுக்கு தூவினால் போதும், அதையும் ஸ்லீப்பர் மட்டத்துக்குக் கீழேயே நிறுத்துங்கள். பசை போடும் முன் அசையும் பாகங்களில் பிளாஸ்டிக்கைப் பாதிக்காத எண்ணெய் ஒரு துளி வையுங்கள், காய்ந்துகொண்டிருக்கும்போது இடையிடையே நாக்கை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருங்கள். தப்பித் தவறி ஒட்டிக்கொண்டால் பதற வேண்டாம், சாதாரண வெள்ளைப் பசை தண்ணீரில் ஊறினால் இளகும்.

ஜல்லியின் அளவிலும் பலர் ஏமாறுகிறார்கள். நிஜ ஜல்லி 30 முதல் 60 மி.மீ. வரை என்று வைத்துக்கொண்டால் எச்ஓவில் அது 0.35 முதல் 0.7 மி.மீ. மட்டுமே. அதைவிடப் பெரியது பாதையோரம் உருண்ட பாறைகளாகத் தெரியும். பசைக்கு முன்னால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரை, அல்லது ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்ட தண்ணீரைத் தெளித்து நனைக்காவிட்டால் பசை உள்ளே இறங்காமல் மேலேயே முத்துமுத்தாக நிற்கும்.

வெளியிலிருந்து எடுத்த மண்ணைச் சோதிக்காமல் தூவுவது

இயற்கை மண்ணின் நிறத்துக்கு ஈடு கிடையாது, தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் காயவைத்து, சலித்து, ஒரு தாளில் பரப்பி, அதன் மேல் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். பல மணலில் இரும்புத் துகள் இருக்கும். இன்ஜின் மோட்டாரில் காந்தம் இருக்கிறது, அந்தத் துகள்களை அது இழுத்துக்கொள்ளும்.

சுவர் முழுக்க ஒளிர்வது

மெல்லிய பிளாஸ்டிக் சுவருக்குள் எல்இடி வைத்தால் கட்டடம் முழுவதுமே விளக்குக் கூண்டாகிவிடும். சுவர்களின் உள்பக்கம் முதலில் கறுப்பு, அது காய்ந்ததும் அதன் மேல் வெள்ளை. மூலை இடுக்குகளை அடையுங்கள். எல்லா ஜன்னலும் ஒரே மாதிரி எரிய வேண்டியதில்லை, அட்டையில் அறைகளாகத் தடுத்துச் சிலதை இருட்டாக விடுங்கள். 12 வோல்ட்டில் வெள்ளை எல்இடிக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் பொதுவாகக் கண்ணைக் கூசும், 4.7 முதல் 10 கிலோ ஓம் வரை போட்டுப் பாருங்கள், வீட்டு விளக்கு மாதிரி வரும்.

ஜன்னல் கண்ணாடிக்கு சூப்பர் க்ளூ

வேண்டாம். ஆவி படிந்து கண்ணாடி வெளுத்துவிடும். வெள்ளைப் பசை போதும்.

தெர்மாகோல் மேல் ஸ்பிரே பெயின்ட்

பெரும்பாலான ஸ்பிரே தெர்மாகோலைக் கரைக்கும். முதலில் தண்ணீரில் கலக்கும் பெயின்ட்டால் முழுக்க மூடுங்கள்.

குட்டை மரங்களும் ஒரே உயரப் புல்லும்

15 மீட்டர் மரம் என்பது நிஜத்தில் சாதாரணம், எச்ஓவில் அது 17 செ.மீ. நாம் வைப்பதோ பெரும்பாலும் 8, 10 செ.மீ. இரண்டு மாடிக் கட்டடத்தைவிடக் கொஞ்சமே உயரமான மரங்கள் பக்கத்தில் நிற்க, எங்கோ தப்பாக இருக்கிறது என்று மட்டும் தோன்றும், எது என்று தெரியாது. எல்லாவற்றையும் பெரிதாக வைக்க இடம் இருக்காது, சரி, முன்னால் சில பெரிய மரங்களை வைத்துப் பின்னால் போகப் போகச் சிறிதாக்குங்கள், தூரமும் கூடுதலாகத் தெரியும்.

புல்லில் நேர் எதிரான தவறு. 12 மி.மீ. இழையை எங்கும் நட்டுவிடுகிறார்கள், கணக்குப்படி அது ஒரு மீட்டருக்கு மேல் உயரம், பொம்மை மனிதர்களின் இடுப்பு வரை வரும். முதலில் 2 மி.மீ., அதன் மேல் அங்கங்கே 4, வேலியோரத்தில் 6. நிறமும் குறைந்தது இரண்டு, மூன்று கலவையாக இருக்கட்டும். பசை ஈரமாக இருக்கும்போதே சின்னச் சின்னப் பகுதியாகச் செய்யுங்கள், ஆடை கட்டிய பசையில் இழை நிற்காது. மீதி இழைகளை, முனையில் மெல்லிய துணி கட்டிய வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்தால் மறுபடி பயன்படும்.

ரெசின் ஆறு

ஊசித்துளை இருந்தாலும் ரெசின் கண்டுபிடித்துக் கீழே போய்விடும். ஆற்றுப் படுகையை இரண்டு முறை பெயின்ட் பூசி அடைத்து, கரையோரத் தடுப்பைச் சரிபார்த்து, மெல்லிய அடுக்குகளாக ஊற்றுங்கள். ஒரேயடியாகத் தடிமனாக ஊற்றினால் சூடேறி விரிசல் விடலாம், சுருங்கலாம்.

வேறு விளக்கில் நிறம் பார்ப்பது

மேஜை விளக்கின் மஞ்சளில் கலந்த நிறம் லேஅவுட்டின் வெள்ளை வெளிச்சத்தில் வேறாகத் தெரியும். லேஅவுட்டுக்கு என்ன பல்பு போடப் போகிறீர்களோ அதையே வேலை மேஜையிலும் போடுங்கள். சிறிய பொருளில் அடர்நிறம் இன்னும் அடர்த்தியாகத் தெரிவதால் எதிலும் கொஞ்சம் வெள்ளையோ சாம்பலோ கலந்துகொள்ளுங்கள். பிளாஸ்டரைக் கரைக்கும்போதே மண்நிறம் சேர்த்துவிட்டால், எங்காவது சில்லு தெறித்தாலும் உள்ளிருந்து வெள்ளை எட்டிப்பார்க்காது.

பளபளப்பு

கடைசியில் பளபளப்பைப் போக்க மேட் வார்னிஷ். தண்ணீரையும் ஜன்னல்களையும் தண்டவாளத்தின் மேற்பரப்பையும் மூடிவிட்டு அடியுங்கள்.