டிவி திரை கெட்டுப்போனால் அவசரத்தில் செய்யும் தவறுகள்

போன தீபாவளிக்கு முந்தின வாரம் மதுரையில் அத்தை வீட்டு 43 இஞ்ச் டிவி இருண்டுவிட்டது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. வந்த மெக்கானிக் பின்பக்க மூடியைக்கூடக் கழற்றவில்லை. "பேனல் போச்சும்மா, புதுசு வாங்கிடுங்க, இதை நானே எடுத்துக்கிறேன்" என்றார். அத்தையும் சரி என்றுவிட்டார்.

அன்று ராத்திரி ஹால் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்துப் பார்த்தோம். சீரியல் ஓடிக்கொண்டுதான் இருந்தது, புகைக்குள் தெரிவதுபோல மங்கலாக. படம் இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை.

எது கெட்டது என்று தெரியாமலே முடிவெடுப்பதுதான் இதில் பெரிய தவறு. எல்இடி டிவி என்று நாம் சொல்வதில் படத்தைக் காட்டுவது எல்சிடி பேனல். அதற்குச் சொந்த ஒளி கிடையாது. பின்னால் வரிசையாக ஒட்டியிருக்கும் எல்இடி பட்டிகள்தான் வெளிச்சம் தருகின்றன, இதைத்தான் பேக்லைட் என்கிறார்கள். பல மாடல்களில் இவை கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு பல்பு போனால் வரிசையே அணைந்துவிடும். இந்தப் பட்டிகளை மாற்ற, புது டிவி விலையில் சிறு பங்குதான் ஆகும். (ஓஎல்இடி டிவியில் திரையின் புள்ளிகளே ஒளிரும், பேக்லைட்டே இல்லை, அங்கே டார்ச் சோதனை உதவாது.)

மாற்றும்போது, போன பல்பை மட்டும் மாற்றிக் காசை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். மற்ற பல்புகளுக்கும் அதே வயசுதானே? அடுத்தது போனால் மறுபடி பேனலைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் அந்த மெல்லிய கண்ணாடி உடைய வாய்ப்பிருக்கிறது. முழு செட்டாகப் போட்டுவிடுங்கள். அப்புறம் டிவி செட்டிங்கில் பேக்லைட் அளவை 100-லேயே வைத்திருக்காமல் 60, 70-க்குக் குறைத்தால் பட்டிகள் கூடுதல் காலம் உழைக்கும்.

திரையில் கோடு விழுந்தால் டிவி ரிமோட்டில் (செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் அல்ல) மெனுவை அழுத்திப் பாருங்கள். மெனு சுத்தமாகத் தெரிந்து சேனலில் மட்டும் கோளாறு என்றால், செட்டாப் பாக்ஸையோ ஹெச்டிஎம்ஐ கேபிளையோ முதலில் மாற்றிப் பாருங்கள். மெனு மேலேயும் கோடு ஓடினால் டி-கான் போர்டு (படத்தின் சிக்னலைப் பேனலுக்குப் பிரித்து அனுப்பும் சர்க்யூட்), ரிப்பன் கேபிள் (தட்டையான இணைப்பு வயர்), பேனல், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. முதல் இரண்டும் அதிகம் செலவு வைக்காது, அவற்றைச் சோதிக்காமல் பேனலுக்குப் போக விடாதீர்கள்.

இந்தக் கோடுகளில் சிலவற்றுக்கு நாமே காரணம். கண்ணாடி துடைக்கும் திரவத்தை நேராகத் திரையில் அடிப்போம். அது வழிந்து கீழ் விளிம்பில் இறங்கும். பல டிவிகளில் படத்துக்கான சிக்னல் பேனலுக்குள் நுழையும் மெல்லிய இணைப்புகள் அங்கேதான் இருக்கின்றன. ஈரம் பட்டு அவை அரித்தால் செங்குத்தாகக் கோடு விழும். காய்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பந்து பட்டு, சிலந்தி வலை மாதிரி விரிசலும் மை கொட்டினாற்போல் கறுப்பும் தெரிந்தால், அது பேனலேதான். டிவியில் விலை அதிகமான பாகம் அதுதான். அடிபட்டு உடைந்ததற்கு சாதாரண வாரண்டியும் உதவாது. நாலைந்து வருஷ டிவிக்குப் புதுப் பேனல் போடுவது பெரும்பாலும் வீண் செலவு. அப்போதும் பலர், "நாற்பதாயிரம் கொடுத்து வாங்கினோமே" என்று பழைய பில்லை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். இன்றைய விலையைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது.

திரை தானாகக் கெட்டிருந்தால் அந்த பில் வேறு விதத்தில் உதவும். வெளி மெக்கானிக்கிடம் கொடுப்பதற்கு முன்னால் வாரண்டி தேதியைப் பாருங்கள். சில கம்பெனிகள் பேனலுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வருஷம் தருகின்றன, வெளியாள் திறந்தால் அது போய்விடும். வாரண்டி முடிந்திருந்தால், மாற்றப்போகும் பாகத்தின் பெயரையும் விலையையும் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைக்கு எடுத்துப்போகும்போது மட்டும் டிவியைப் படுக்கவைக்காதீர்கள். வண்டி குலுங்கினால் நல்ல பேனலும் உடைந்துவிடும். அத்தை டிவியை ஆட்டோவில் நிமிர்த்தி வைத்து, திரைப்பக்கம் போர்வை கொடுத்து, இரண்டு பக்க விளிம்பையும் பிடித்துக்கொண்டே வேறு கடைக்குக் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் சரியாகி வந்தது.