ஓசூர் பக்கம் யானை வழித்தடத்தை வரைபடமாக்குவது எப்படி?

முதலில் கணினியைத் திறக்காதீர்கள். தளி, ஜவளகிரி, சானமாவு பக்கம் ராகிக்குக் காவல் இருப்பவர்களிடம் போய், யானை எந்தப் பக்கம் வந்தது, எந்த மாதம், எந்த ஏரியில் தண்ணீர் குடித்தது என்று கேளுங்கள்; ராகி முற்றும் காலத்தில் பன்னேருகட்டா காட்டிலிருந்து கூட்டம் இறங்குவது அவர்களுக்குத்தான் அத்துப்படி. சாணம், கால்தடம், உடைந்த வேலி எல்லாவற்றையும் ஜிபிஎஸ்ஸில் தேதியோடு குறியுங்கள். ஒன்றும் கிடைக்காத இடத்தையும் நடந்து பார்த்துக் குறிக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் ஜீப்பில் போன பாதைதான் யானைப் பாதை என்று படத்தில் வந்து நிற்கும்.

அப்புறம் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள், இலவசம்தான். காவிரி வடக்கு சரணாலய எல்லை, காப்புக்காடு, ஏரி, மலைச்சரிவு, குடியிருப்பு, 44ஆம் எண் நெடுஞ்சாலை என்று அடுக்கடுக்காகப் போட்டு, கடக்கச் சிரமமான இடத்துக்கு அதிக மதிப்பெண் கொடுத்தால், இரண்டு காடுகளுக்கு நடுவே சிரமம் குறைந்த பாதையை அதுவே கணக்கிடும். மதிப்பெண் நம் ஊகம்தான், களக்குறிப்போடு ஒத்துப்பார்க்காமல் நம்பாதீர்கள்.

சரி, வழித்தடத்தை ஒற்றைக் கோடாக வரையாமல் அகலமான பட்டையாக வரையுங்கள். பொதுவில் பகிரும் படத்தில் யானை நிற்கும் துல்லியமான இடம் வேண்டாம். அதிகாரிகளுக்குக் கொடுப்பதில் சர்வே எண் கட்டாயம். மனைப்பிரிவு அனுமதிக் கோப்பில் அதைத்தான் பார்ப்பார்கள்.