கஞ்சிப் பசையில் கோலக் காகிதம்: வீட்டிலேயே செய்யும் முறை

நோட்டு அட்டை, பரிசுப் பெட்டி, வாழ்த்து அட்டை, போட்டோ ஆல்பம் எதற்கும் ஒட்டிக்கொள்ள அழகான காகிதம் வேண்டும் என்றால் கடையில் தேட வேண்டியதில்லை. சோளமாவில் கஞ்சி காய்ச்சி, வண்ணம் கலந்து, ஈரக் காகிதத்தில் தடவி, காய்வதற்குள் சீப்பால் இழுத்தால் போதும். ஐரோப்பாவில் புத்தகம் கட்டுபவர்கள் பல நூற்றாண்டுகளாக அட்டைக்கும் உள்பக்கத்துக்கும் இதைப் பயன்படுத்தினார்கள், காரணம் மார்பிள் காகிதத்தை விட, அதாவது நீரில் மிதக்கும் வண்ணத்தை ஒற்றி எடுக்கும் காகிதத்தை விட, இது மலிவு. ஜெர்மனியின் சாக்சனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் இருந்த மொரேவியக் கிறிஸ்தவ சமூகத்தினர் 18-ஆம் நூற்றாண்டில் செய்த காகிதங்கள் அவ்வளவு நேர்த்தி, இன்றும் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லியே அவற்றைக் குறிப்பிடுகிறார்கள்.

கோலம் போடுவது யாருக்கும் சீக்கிரம் கைவந்துவிடும். பசையின் பதமும் காகிதத்தின் ஈரமும்தான் வேலையே, அதனால் அந்த இரண்டையும் நிதானமாகச் சொல்கிறேன்.

கால் கப் சோளமாவு, அதாவது கடையில் கார்ன்ஃப்ளவர் என்று கேட்டால் தரும் வெள்ளை மாவு. அதைக் கால் கப் பச்சைத் தண்ணீரில் கட்டி தட்டாமல் கரைத்து, இன்னொரு கப் தண்ணீர் சேர்த்து மிதமான தீயில் கைவிடாமல் கிளறுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும், அப்புறம் திடீரென்று அடியில் இருந்து கெட்டியாகும், பால் வெள்ளை மாறிக் கண்ணாடி போல மினுங்கும். உடனே இறக்கி, கால் கப் தண்ணீர் விட்டு அடித்துக் கலக்குங்கள். ஆறும்போது மேலே ஏடு படியும், அதனால் அவ்வப்போது கிளறிவிட்டு, ஆறியதும் டீ வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து வடிகட்டுங்கள். இந்தப் படியை மட்டும் விடாதீர்கள். ஒரே ஒரு சின்னக் கட்டி இருந்தாலும் சீப்பு இழுக்கும்போது அது கூடவே வந்து நீளமாகக் கீறிவிடும். கெட்டித் தயிரை மத்தால் லேசாக அடித்தால் ஒரு பதம் வருமே, அதுதான் சரி. தண்ணீராக இருந்தால் போட்ட கோடு தானே மூடிக்கொள்ளும்.

மைதாவிலும் செய்யலாம், போஸ்டர் ஒட்டக் காய்ச்சுவது போலத்தான், ஆனால் கொஞ்சம் சொரசொரப்பாக வரும். எனக்குச் சோளமாவுதான் பிடிக்கும். பூச்சி வராமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போடும் வழக்கம் உண்டு. அது விஷம், பிள்ளைகள் கை வைக்கிற வேலையில் வேண்டவே வேண்டாம்.

பசையைக் கிண்ணங்களில் பிரித்து, அரை கப் பசைக்கு இரண்டு டீஸ்பூன் அக்ரிலிக் பெயிண்ட் கலக்குங்கள். போஸ்டர் கலரும் ஒட்டும், ஆனால் பிறகு ஈரக்கை பட்டால் கரையும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுவது நல்லது. பிரிட்ஜில் வைத்தால் இரண்டொரு நாள் தாங்கும், ஆனால் நீர் விட்டுக்கொள்ளும்.

காகிதம் 100 முதல் 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்) வரை இருக்கட்டும். வழவழப்பான ஆர்ட் பேப்பர் வேண்டாம், பசை பிடிக்காது. ஒரு துண்டை நனைத்து மூலையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், கிழியாவிட்டால் சரி. நான் முதல் தடவை காய்ந்த காகிதத்திலேயே தடவினேன். பசையில் இருந்த தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் உறிஞ்சி அது அப்பளம் போலச் சுருண்டது, கோடு போடுவதற்குள் பசையும் இறுகிவிட்டது. அதனால் ஸ்பாஞ்சால் இரண்டு பக்கமும் நனைத்து, கண்ணாடி மேலோ மேஜையில் விரித்த பிளாஸ்டிக் ஷீட் மேலோ போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக் காற்றை வெளியேற்றுங்கள். மேலே தண்ணீர் தேங்கி நின்றால் துணியால் ஒற்றி எடுங்கள். இனி மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், நம் ஊர் வெயிலில் அது ஓடினால் சில நிமிடங்களில் காய்ந்துவிடும்.

அகலமான பிரஷ்ஷால் முதலில் குறுக்கே, பிறகு நெடுக்கே, மெல்லிசாக ஒரே சீராகப் பூசுங்கள். சீப்புக்கு ஐஸ்கிரீம் டப்பா மூடியோ காலாவதியான ஏடிஎம் கார்டோ போதும், ஓரத்தில் கத்தரிக்கோலால் பல் வெட்டிக்கொள்ளுங்கள். பல்லெல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டாம், ஒன்று அகலம் ஒன்று குறுகல் என்று இருந்தால்தான் கோட்டில் உயிர் இருக்கும். சீப்பைச் சாய்த்துப் பிடித்து, நிறுத்தாமல், கையை மெல்ல அசைத்தபடி மேலிருந்து கீழ்வரை இழுங்கள். பல் போன இடத்தில் காகிதத்தின் வெளிர்நிறம் தெரியும், ஒதுங்கிய பசை இரண்டு பக்கமும் வரம்பு கட்டி அடர்த்தியாக நிற்கும். அந்த நிழல்தான் இந்தக் காகிதத்தின் அழகு, அச்சில் வராது. பிடிக்கவில்லையா, பிரஷ்ஷால் தடவி அழித்துவிட்டு மறுபடி இழுக்கலாம். மூன்று தடவைக்கு மேல் போனால் காகிதம் நூல் நூலாக உரியும்.

பிள்ளைகளுக்கு வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிக் கொடுங்கள். பூசிய பசையில் அழுத்தி எடுத்தால் பூப் பூவாக விழும். பூசிய இரண்டு காகிதங்களை முகத்தோடு முகம் வைத்துத் தடவிப் பிரித்தால் இலை நரம்பு போலக் கிளை கிளையாக வரும். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வரும், எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

நிழலில் தட்டையாக வைத்துக் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு பின்பக்கம் மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு, ஒரு இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்தால் நெளிவு போய்விடும். அக்ரிலிக் ஒன்றோடொன்று ஒட்டும், அதனால் நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள். கஞ்சி வாசத்துக்குப் பூச்சி வரும் என்பதால், சுவடிக்கு வைப்பது போல நானும் பெட்டியில் ஒரு துண்டு வசம்பு போட்டு வைக்கிறேன்.

நோட்டு அட்டைக்கு வெட்டும்போது காகிதத்தை இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாகச் சுருள்கிறதோ, அந்தச் சுருள் நோட்டின் முதுகுக்கு இணையாக இருக்கும்படி ஒட்டினால் அட்டை கோணாது. கை அதிகம் படும் அட்டை என்றால் மெழுகுவர்த்தியை மேலே லேசாகத் தேய்த்து, மெல்லிய துணியால் பளபளப்பு வரும்வரை தேயுங்கள்.