விதைநெல் கடைக்குப் புதிதாக வந்தவர்களை விளையாட்டாலேயே பழக்குவது எப்படி?

கிழக்கிலங்கையில் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் வயல்காரர் கடைக்கு வந்தால் நெல்லினத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பது குறைவு. "தண்ணி பிந்தித்தான் வரும் போல கிடக்கு, எதைப் போடலாம் தம்பி?" என்றுதான் கேட்பார். விலைப்பட்டியலைப் பாடமாக்கினவனுக்கு இதற்கு விடை வராது. விளையாட்டு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கவேண்டும்.

படி 1: எட்டு இனங்களுக்கு மேல் எடுக்காதீர்கள். பிறிஸ்டல் மட்டையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு: பெயர், வயது (விதைப்பிலிருந்து அறுவடை வரையான காலம்), அரிசியின் நிறம், மணியின் வகை. சீட்டோடு சிறு பையில் ஒரு பிடி நெல்லையும் இணையுங்கள். மருந்து தடவிய விதை வேண்டாம். பீடைநாசினிகளுக்கு லேபிளின் படம் போதும். போத்தலை விளையாட்டுக்கு எடுக்கவே கூடாது.

படி 2: பெயரிலேயே வயது இருப்பதைக் காட்டுங்கள். பிஜி, ஏடி என்ற எழுத்துகளுக்குப் பின்வரும் இலக்கம் 250 என்றால் இரண்டரை மாதம், 300 மூன்று, 350 முதல் மூன்றரை, 400 முதல் நான்கு. பழைய பெயர்கள் சில இதற்குள் அடங்காது: பிஜி 94-1 மூன்றரை மாத நெல். அதைக் கட்டாயம் ஒரு கேள்வியாக்குங்கள்.

படி 3: பிழையான விடைகளை எழுதுவது. முழு வேலையும் இதில்தான். "வெள்ளை அரிசி, மூன்று மாதத்தில் அறுக்கவேண்டும்" என்ற கேள்விக்குச் சரி பிஜி 300. பக்கத்தில் "யூரியா" என்று போட்டால் எவரும் பிழைவிடமாட்டார், எவரும் படிக்கவும்மாட்டார். பிஜி 352 போடுங்கள்: நிறம் சரி, வயது அரை மாதம் கூட. ஏடி 362 போடுங்கள்: வயதும் கூட, அரிசியும் சிவப்பு. பிஜி 403 நான்கு மாதம்; வாய்க்கால் தண்ணீர் நின்ற பிறகும் பயிர் வயலில் நிற்கும். பிழையான விடையைத் தெரிவுசெய்தவர் அது ஏன் பிழை என்று வாய்விட்டுச் சொன்னால் அரைப்புள்ளி கொடுங்கள்.

படி 4: மூவர் விளையாட்டு. ஒருவர் போடியார் (வயல் சொந்தக்காரர்), ஒருவர் கடைக்காரர், ஒருவர் புள்ளி எழுதுபவர். விதைப்பு நாளும் தண்ணீர் நிற்கும் நாளும் தேவையான அரிசி நிறமும் போடியாரின் சீட்டில் மறைந்திருக்கும்; கேட்டால்தான் சொல்வார். "எப்ப விதைக்கிறீங்க? தண்ணி எதுவரைக்கும்? சிவப்பா, வெள்ளையா?" இந்த மூன்றையும் கேட்காமல் மூடையைத் தூக்கினால், விடை சரியானாலும் புள்ளி இல்லை.

படி 5: கடைசியில் மட்டும் போன். கஹூட் (போனில் வினாடிவினா விளையாடும் செயலி) நல்லது, ஆனால் நேரத்தை 20 செக்கனில் விடாதீர்கள். வேகமாக அமத்துபவர்தான் வெல்வார், யோசிப்பவர் அல்ல. 60 ஆக்குங்கள். கேள்விக்கு எழுத்தெல்லை உண்டு, சுருக்கி எழுதுங்கள்: குறிகளும் புள்ளிகளும் தனித்தனி எழுத்தாக எண்ணப்படுவதால் "விதைநெல்" என்ற நான்கெழுத்தே எட்டிடத்தைப் பிடிக்கும்.

பிறகு சேர்த்தது: பெரிய திரை இல்லாத கடைகளில் போனில் வெறும் நிறக்கட்டங்கள்தான் தெரிகின்றன என்று பலர் கேட்டார்கள். கேள்வியையும் விடைகளையும் விளையாடுபவரின் போனிலேயே காட்டும் தெரிவு அமைப்புகளில் இருக்கிறது, அதை முதலில் போட்டுவிடுங்கள். சிறுபோகத்துக்கு முன் கையிருப்பில் இல்லாத இனங்களின் சீட்டை எடுத்துவிட்டு, அந்தப் போகத்துக்கு வந்தவற்றைச் சேருங்கள்.