மல்கோவா வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள்
சேலத்தில் மாம்பழ சீசன் வந்தாலே தள்ளுவண்டிகளில் மஞ்சள் மஞ்சளாக அடுக்கியிருப்பார்கள். கண்ணைப் பறிக்கும், ஆனால் காம்புப் பக்கம் முகர்ந்தால் வாசனையே இருக்காது. மல்கோவா நன்றாகப் பழுத்தாலும் தோலில் பச்சை கொஞ்சம் தங்கும். பளிச்சென்று ஒரே மஞ்சளாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதற்குச் சட்டப்படியே தடை உண்டு.

முற்றிய காயாக வாங்கிவிடுங்கள். காம்போடு இருந்தால் நல்லது. வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ புதைத்து வைத்தால் நாலைந்து நாளில் வீடே மணக்கும். தினமும் ஒருமுறை திருப்பி விடுங்கள். அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். காயாக இருக்கும்போது ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், சரியாகப் பழுக்காது. அப்புறம், சாப்பிடும் முன் அரைமணி நேரம் தண்ணீரில் போடுங்கள். காம்புப் பால் பட்டால் உதடு புண்ணாகும்.