இன்டெக்ஸ் இருந்தும் ஓடாத குவெரி: புது டிபிஏக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) டீமுக்குப் புதிதாக வந்த பையன் என் மேசைக்கு வந்து நின்றான். "அண்ணா, இன்டெக்ஸ் போட்டுட்டேன், பிளான்லயும் வருது. ஆனா குவெரி நகர மாட்டேங்குது." இதே வார்த்தைகளை, இதே முகத்தோடு, நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். வேர் (WHERE) நிபந்தனை இல்லாமல் டெலீட் அடிப்பது, தப்பான சர்வரில் நுழைவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவையெல்லாம் ஒருமுறை பட்டாலே தெளிந்துவிடும். என் பிழைப்பு ஆரக்கிள் டேட்டாபேஸில் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

எக்ஸ்ப்ளெய்ன் பிளானை அப்படியே நம்புவது

நான் அப்போது ஒரு நிதி நிறுவனத்தில் இருந்தேன். டேபிளில் வாடிக்கையாளர் எண் இருந்த நெடுவரிசை (column) வார்சார்2, அதாவது எழுத்து வகை. பழைய எண்கள் சில பூஜ்யத்தில் தொடங்குவதால் அப்படி வைத்திருந்தார்கள். ஜாவா பக்கத்திலிருந்து வந்த பைண்ட் மதிப்போ (குவெரி ஓடும்போது அதில் நிரப்பும் மதிப்பு) நம்பர். ஆரக்கிளில் எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எழுத்துதான் எண்ணாக மாறும். அதாவது நீங்கள் எழுதாமலே நெடுவரிசையின் மேல் ஒரு டூ நம்பர் (எழுத்தை எண்ணாக்கும் TO_NUMBER) ஏறி உட்கார்ந்துவிடும். '007', '07', '7' மூன்றுமே எண்ணாக்கினால் 7. ஆனால் இன்டெக்ஸில் அவை எழுத்து வரிசைப்படி வேறு வேறு இடத்தில் கிடக்கின்றன. அதில் எங்கே போய்த் தேடுவது? ஆரக்கிள் முழு டேபிளையும் படிக்கத் தொடங்கிவிடும்.

இத்தனைக்கும் எக்ஸ்ப்ளெய்ன் பிளானில் (குவெரியை எந்த வழியில் ஓட்டும் என்று ஆரக்கிள் முன்கூட்டியே காட்டும் திட்டம்) இன்டெக்ஸ் ரேஞ்ச் ஸ்கேன், அதாவது இன்டெக்ஸ் வழியாகவே தேடும் என்று, அழகாக வந்தது! அது குவெரியை ஓட்டிப் பார்ப்பதில்லை. பைண்ட் எதுவானாலும் வார்சார் என்றே எடுத்துக்கொள்கிறது. இது தெரியாமல் இன்டெக்ஸை ரீபில்ட் செய்தேன், ஸ்டாட்ஸ் எடுத்தேன், ஹின்ட் போட்டேன். அதுவும் போதாதென்று இன்னும் மூன்று இன்டெக்ஸ். மாதக் கடைசி வேறு. ஒவ்வொரு இன்சர்ட்டும் அந்த மூன்றையும் சேர்த்து இழுத்ததில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த என்ட்ரி ஸ்கிரீனும் படுத்துவிட்டது.

மூன்றாம் நாள் சீனியர் அக்கா ஒருவர் டிஸ்ப்ளே கர்சர் போட்டு, உண்மையில் ஓடிய பிளானை எடுத்தார். மேலே இருந்த அட்டவணையை அவர் பார்க்கவே இல்லை. நேராக அடியில், குவெரியின் நிபந்தனைகள் இருக்கும் பிரெடிகேட் பகுதிக்குப் போனார். அங்கே டூ நம்பர் பளிச்சென்று இருந்தது. ஜாவா கோடில் செட் லாங் என்பதை செட் ஸ்ட்ரிங் என்று மாற்றினோம், முடிந்தது. (முன்னால் வரும் பூஜ்யத்தோடு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் வேகமாக ஓடி ஒரு வரியும் கிடைக்காது.) மாற்றாமல் விட்டிருந்தால், என்றைக்காவது அந்த நெடுவரிசையில் யாராவது ஓர் எழுத்தைத் தட்டியதும் ஓரா-01722 (தவறான எண் என்ற எரர்) வந்து குவெரியே விழுந்திருக்கும்.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் இந்த விஷயத்தில் கறார். 2008-இல் வந்த 8.3-இலிருந்து இப்படி ஒப்பிட்டால் எரர் கொடுத்துவிடும். ஆரக்கிளும் அப்படித் திட்டியிருந்தால் எனக்கு மூன்று நாள் மிச்சமாகியிருக்கும். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

டேட் வகை நெடுவரிசைக்கு டைம்ஸ்டாம்ப் அனுப்பினாலும் இதே கதைதான். அப்போது பிரெடிகேட்டில் இன்டர்னல் ஃபங்ஷன் என்று இருக்கும்.

மெதுவாக இருக்கிறதா, எஸ்ஜிஏவைக் கூட்டு

எஸ்ஜிஏ என்பது ஆரக்கிள் பயன்படுத்தும் பகிர்ந்த மெமரி. அதைக் கூட்டுவதற்கு முன், செஷன் எதற்காகக் காத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பகலில் இன்டெக்ஸ் கட்டுவது

கட்டும் கட்டளையில் ஆன்லைன் (ONLINE) என்ற சொல் இல்லாமல் வேண்டாம்.

ஆர்க்கைவ் லாகை ஆர்எம் போட்டு அழிப்பது

ராத்திரி ரெக்கவரி ஏரியா (மாற்றங்களின் பதிவுகளான ஆர்க்கைவ் லாகுகள் சேரும் இடம்) நிரம்பி டேட்டாபேஸ் நின்றுவிடும். பதற்றத்தில் ஓஎஸ்ஸில் போய் ஃபைல்களை அழிப்பார்கள். டிஸ்க்கில் இடம் வரும், டேட்டாபேஸ் அசையாது. ஃபைல் போனது, டேட்டாபேஸின் கணக்கை வைத்திருக்கும் கன்ட்ரோல் ஃபைலுக்குத் தெரியாது; அதன் கணக்கில் ஏரியா இன்னும் நிரம்பித்தான் இருக்கிறது. ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேனில் கிராஸ்செக் செய்து, எக்ஸ்பயர்டு ஆனவற்றை டெலீட் செய்தால்தான் கணக்கு நேராகும். நேரானதும் தூங்கப் போய்விடாதீர்கள். அழித்ததில் பேக்கப் ஆகாத லாக் ஒன்று இருந்தாலும், பழைய பேக்கப்பிலிருந்து வரும் ரெக்கவரி அந்த இடத்தோடு நின்றுவிடும். அதனால் அன்று ராத்திரியே ஒரு முழு பேக்கப்பை ஓடவிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.