அமெலே வாக்கியத்தைப் பிரித்துப் பொருள் காண்பது எப்படி?

பப்புவா நியூ கினியில் மடாங் நகருக்குத் தெற்கே உள்ள ஊர்களில் ஏறத்தாழ 5,000 பேர் பேசும் மொழி அமெலே. தமிழைப் போலவே இதிலும் வினை கடைசியில் வரும். அதனால் தமிழருக்குச் சொல்வரிசை சிரமம் தராது. இடையில் வரும் வினைகளில்தான் கவனம் வேண்டும்.

முதலில் கடைசி வினையைப் பிடியுங்கள். காலம் முழுமையாக அங்குதான் இருக்கிறது: இன்று நடந்ததா, நேற்றா, அதற்கும் முன்பா என்று இறந்தகாலமே மூன்று வகை. பிறகு பின்னோக்கி நகர்ந்து ஒவ்வொரு இடைவினையையும் பிரியுங்கள்.

‘இஜ ஹுமிக் ஸப் ஜிக’: நான் வந்து சாப்பிட்டேன். ஹு (வா) + ம் + இக் (நான்), ஸப் (உணவு), ஜ் (உண்) + இக் (நான்) + அ (இன்றைய இறந்தகாலம்). இங்கே வரும் ககரத்தைத் ‘தங்கம்’ என்பதில் ஒலிப்பதுபோல ஒலிக்க வேண்டும். நடுவிலுள்ள ‘ம்’ அடுத்த வினைக்கும் வினைமுதல் இதே ஆள்தான் என்று சொல்கிறது.

‘இஜ ஹொ’ஒமின் ஸப் ஜக’: நான் வந்தேன், நீ சாப்பிட்டாய். ‘’ஒ’ என்ற விகுதி வினைமுதல் மாறப்போவதை முன்கூட்டியே அறிவிக்கிறது. (மேற்குறி தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலி, ரோமன் எழுத்தில் ‘c’ என்று எழுதுவார்கள்.) ‘மின்’ என்பது வந்தவனாகிய ‘நான்’. அதை அடுத்த வினையின் ஆளாகக் கொள்வது தொடக்கத்தில் பலரும் செய்யும் பிழை. தமிழ் வினையெச்சம் ஆளைக் காட்டாததால் நமக்கு இந்தப் பழக்கம் இல்லை.

இரு செயல்கள் ஒரே நேரத்தில் நடந்தால் இடைவினையின் முதல் அசை இரட்டிக்கும்: ‘புஸல்’ (ஓடு) ‘புபுஸல்’ ஆகும்.

தரவு திரட்டும்போது, நாட்டின் பொதுமொழியான டோக் பிசினில் ‘மி காம் நா மி கைகை’ (நான் வந்தேன், நான் சாப்பிட்டேன்) என்று சொல்லி மொழிபெயர்க்கக் கேட்காதீர்கள். இரண்டு தனி வாக்கியங்கள் கிடைத்துவிடக்கூடும், விகுதி கிடைக்காது. தோட்ட வேலையையோ பன்றி வேட்டையையோ தொடர்ச்சியாகச் சொல்லச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள்.

அந்தப் பதிவுகளில் ஒன்று உங்களைக் குழப்பும். வள்ளிக்கிழங்கை ஏற்றிச் சுமந்துபோய்க் கிடங்கை நிரப்பினார்கள் என்னும்போது, ஆட்கள் அதே ஆட்கள்தான். ஆனாலும் மாற்ற விகுதி வரலாம். அதைப் பேசியவரின் தவறென்று திருத்திவிடாதீர்கள். இடமோ காலமோ மாறினாலும் அமெலேயில் அதே விகுதி வரலாம்.